பாரதி பாட்டும் பிளெண்டர் நிரலும்

திங்கட்கிழமை காலையில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே ஆதார் நகல், பழைய பட்டா, ரேஷன் அட்டையின் ஜெராக்ஸ், ஒரு மனு. மலை சுற்ற வந்தவர்கள் அல்ல இவர்கள். செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கத்து ஊர்களிலிருந்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு வந்தவர்கள்.

மனுவைக் கையால் எழுதுகிறவர்கள் இன்னும் உண்டு. ஆனால் டைப் அடித்த மனு என்றால் அதிகாரி ஒரு வரியாவது கூடுதலாகப் படிப்பார் என்று ஊரெங்கும் ஒரு நம்பிக்கை. உண்மையோ பொய்யோ, ஆட்சியர் அலுவலகம் இருக்கிற எந்த ஊரிலும் டிடிபி கடைகளுக்குச் சோறு போடுவது அந்த நம்பிக்கைதான். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், சுவரில் ‘இங்கு அனைத்து ஆன்லைன் சேவைகளும் செய்து தரப்படும்’ என்ற பலகை. மாவட்டத்தின் பாதிக் காகிதம் இப்படிப்பட்ட கடைகளின் வழியாகத்தான் அரசாங்கத்துக்குள் போகிறது.

அந்தக் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் யாருடையது என்று கேட்டால் சிரிப்புதான் பதில். விண்டோஸைத் தெரிந்த பையன் ஒருவன் ‘போட்டுக் குடுத்திருப்பான்’. போட்டோஷாப், கோரல்டிரா எல்லாம் பென் டிரைவில் வந்து சேர்ந்தவை. “ஓசியில கிடைக்கறப்போ காசு எதுக்கு சார்?” என்பது தமிழ்நாடு முழுவதும் கேட்கிற பேச்சு. இன்னொரு பேச்சும் உண்டு: “லினக்ஸ் எல்லாம் இன்ஜினியருங்களுக்கு.” மூன்றாவது, கொஞ்சம் அலட்சியமாக வரும்: “நம்மகிட்ட திருடறதுக்கு இன்னா இருக்குது?”

மென்பொருள் சுதந்திரம், அறம் சார்ந்த தொழில்நுட்பம் என்றெல்லாம் கருத்தரங்குகளில் பேசப்படும் பெரிய விஷயங்களுக்கு நம் ஊர் ஆட்கள் வைத்திருக்கும் கருத்து ஏறக்குறைய இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றுக்கும் மக்கள் கொடுக்கும் விலையும் இருக்கிறது.

முதலில் எழுத்துரு. வீட்டில் அடித்த தமிழ்க் கோப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் வரும் முதல் கேள்வி, “இன்னா ஃபான்ட்டுல அடிச்சது?” பாமினியா, வானவில்லா, ஸ்ரீலிபியா? பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தால் தமிழைக் காட்டின. கணினி தன் நினைவில் வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி, உங்கள் மனு பொருளில்லாத ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையை வைத்துக்கொண்டதால், ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க அதே சரக்கை வாங்கியாக வேண்டும்; அல்லது திருடியாக வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலேயே ‘வானவில் அவ்வையார்’ பல ஆண்டுகள் கோலோச்சியது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடும், டேஸ்16 முறையும்தான் இனி அரசின் தரம் என்று ஆணை வந்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருக்கள் ஒரே நாளில் போய்விடவில்லை. பேஜ்மேக்கரைப் பாருங்கள். அடோபி நிறுவனம் அதன் கடைசிப் பதிப்பை வெளியிட்டது 2001இல். உலகம் முழுக்கக் கைவிட்ட அந்தச் செயலியைத் தமிழ் அச்சகங்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. காரணம், பழைய தமிழ் எழுத்துருக்கள் அதில் ஒழுங்காக வரும், யூனிகோடு வராது. எத்தனையோ தமிழ் நூல்களின் மூலக்கோப்புகள், நாளைய கணினிகள் திறக்க மறுக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன.

நாம் எழுதியது நம் கையில் இல்லாமல் போவது என்றால் இதுதான்.

இந்தச் சங்கடத்தை உலகில் முதலில் இயக்கமாக மாற்றியவரின் கதையும் ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தில்தான் தொடங்குகிறது என்பது நம் ஊர்க் கடைக்காரர்களுக்குப் பிடிக்கும். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். இயந்திரம் வேறு மாடியில் இருந்ததால் போய்ப் பார்த்தால்தான் தெரியும். முந்தைய பிரிண்டரில் இதே தொல்லை வந்தபோது, அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் அச்சுக்குக் காத்திருக்கும் எல்லார் திரையிலும் தகவல் வருமாறு செய்திருந்தார். புது இயந்திரத்தின் மூலநிரலைக் கேட்டபோது கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்து ஆள், ‘யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்’ என்று கைவிரித்தார். தன் கூடத்தில் இருக்கும் இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்க முடியாத நிலை ஸ்டால்மனை உறுத்தியது. 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் எழுதிய லினக்ஸ் கருநிரல் அதோடு சேர்ந்துகொண்டது.

கட்டற்ற மென்பொருள் என்பதற்கு ஸ்டால்மன் நான்கு உரிமைகளை அளவுகோலாக வைத்தார். எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துத் திருத்தலாம். நண்பருக்குப் படி எடுத்துக் கொடுக்கலாம். திருத்தியதையும் ஊருக்குக் கொடுக்கலாம். இதில் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. விற்கவும் செய்யலாம், வாங்கியவரைக் கட்டிப்போடத்தான் கூடாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் திருட்டுப் போட்டோஷாப்பில் சுதந்திரம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. காசு மட்டும் மிச்சம். அது திறக்கும் கோப்பு வடிவம் அந்த நிறுவனத்துடையது, அதில் கற்ற பழக்கம் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படுவது. 1998இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேசிய பில் கேட்ஸ், சீனர்கள் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிப் போன பிறகு வசூலிக்க வழி கண்டுபிடித்துக்கொள்வோம் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். வழியும் கிடைத்தது. 2013இல் அடோபி தன் புதிய பதிப்புகளை ஒரே தடவை வாங்கிவிடும் முறையை நிறுத்தி, மாதச் சந்தாவுக்கு மாறியது. நம் தெருக்களில் இலவசமாக ஓடும் கிராக் பதிப்புகள்தான் அந்த நிறுவனங்களுக்குச் சம்பளமில்லாத விற்பனைப் பிரதிநிதிகள். அதே வேலைகளுக்கான கட்டற்ற மென்பொருள்களான ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்ற பெயர்களைப் பல டிடிபி கடைகள் கேள்விப்படாததற்கு அந்த மென்பொருள்களின் குறைகளை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அவற்றைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

கிராக் போடுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதே கணினியின் டவுன்லோட் கோப்புறையில்தான் நூற்றுக்கணக்கான பேரின் ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரிண்ட் எடுத்துத் தருகிறார்கள். எடுத்த பிறகு அழிப்பதில்லை. “நம்மகிட்ட இன்னா இருக்குது” என்று சொல்கிறவரின் பெயரில் வேறு யாரோ சிம் கார்டு வாங்குவதற்குத் தேவையானது அத்தனையும் அங்கே இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 ஆகஸ்டில். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சட்டம் டெல்லியிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை வந்து சேர நாளாகும். அதுவரை, ‘பிரிண்ட் எடுத்ததும் அழிச்சிடுங்கண்ணா’ என்று பக்கத்தில் நின்று சொல்வதுதான் நம் கையில் இருக்கும் பாதுகாப்பு.

லினக்ஸ் இன்ஜினியர்களுக்கு மட்டுமானது என்ற இரண்டாவது பேச்சுக்கு வருவோம். தமிழ்நாடு இதில் பந்தயத்தின் முன்வரிசையில் நின்று, பிறகு தானாகவே பின்னால் போன மாநிலம். 2000களின் நடுவில் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் அதையே கொண்டுபோக முயன்றார். மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘போஸ்’ லினக்ஸ் 2007இல் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் போஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. லட்சக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளின் கையில் ஒரே நேரத்தில் லினக்ஸ் போய்ச் சேர்ந்த அந்த நிகழ்வுக்கு ஈடு இந்தியாவில் குறைவு. ஆனால் அதை எப்படித் திறப்பது, திறந்து என்ன செய்வது என்று சொல்லித்தர வகுப்பறையில் ஆள் இல்லை, பாடத்திலும் இல்லை. பல மடிக்கணினிகளில் அந்தப் பகுதி திறக்கப்படாமலே அழிந்தது.

பக்கத்து மாநிலம் வேறு வழியில் போனது. கேரளம் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தை 2001இல் தொடங்கி, சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றியது. கருவியைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். இன்று ‘கைட்’ என்ற பெயரில் இயங்கும் அந்த அமைப்பு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் லினக்ஸை ஓட்டுகிறது. லினக்ஸ் பத்து வயதுப் பிள்ளைக்கும் வரும் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் பாலக்காடு வரை போய்ப் பார்த்தால் போதும்.

கட்டற்ற மென்பொருளில் குறையே இல்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை. சில பிரிண்டர்கள் லினக்சில் முரண்டுபிடிக்கும். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள் வாங்கி வைத்திருக்கும் வடிவமைப்புகள் அத்தனையும் போட்டோஷாப் கோப்புகள். அவை ஜிம்பில் அப்படியே திறக்காது. கெட்டுப்போனால் கூப்பிட ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். திருவிழா நேரத்தில் வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது புதிதாகக் கற்றுக்கொள் என்று ஒரு கடைக்காரரிடம் சொல்வது எளிது, செய்வது அவர்தானே.

ஆனாலும் பூட்டிய மென்பொருளுக்கு ஒழுங்காகப் பணம் கட்டியவர்களும் நிம்மதியாக இல்லை. 2025 ஜூலையில் நடந்தது இது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது, அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. இந்திய மண்ணில் இந்தியச் சட்டப்படி இயங்கும் நிறுவனம், முறையாகக் காசு கொடுத்து வாங்கிய உரிமம். இருந்தும் பிரஸ்ஸல்ஸில் போட்ட கையெழுத்துக்கு வாடினாரில் மின்னஞ்சல் நின்றது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாள்களில் சேவை திரும்பியது. திரும்பியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மட்டும் அரசு அலுவலகங்களில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த ஆண்டிலேயே சுதேசிப் பேச்சு சூடுபிடித்தது. மத்திய கல்வி அமைச்சகம் சோஹோ அலுவலகச் செயலிகளைப் பயன்படுத்தச் சொன்னது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கிற அதே நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியை நாடே தரவிறக்கியது. தமிழர்களுக்கு இதில் பெருமை இருக்கத்தான் செய்யும். ஆனால் சோஹோவின் நிரலும் பூட்டியதுதான். அரட்டை பரபரப்பான அந்த நாள்களில் அதன் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருக்கவில்லை. பூட்டின் சாவி மைக்ரோசாஃப்ட்டின் ரெட்மண்டில் இருப்பதைவிடத் தென்காசியில் இருப்பது நல்லது என்று வாதிடலாம், நியாயமும் உண்டு. சாவி இன்னும் நம்மிடம் இல்லை என்பதை மறக்காமல் வாதிட வேண்டும்.

தமிழ் கணினிக்குள் வந்த வழியைப் பார்த்தால், அதிகம் உழைத்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அறிவியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், ‘மயிலை’ எழுத்துருவை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, சங்க இலக்கியம் முதல் அண்மைக்கால நூல்கள் வரை தன்னார்வலர்களைத் தட்டச்சு செய்யவைத்தார். முகுந்தராஜும் நண்பர்களும் தந்த ஏ-கலப்பை இல்லாமல் 2000களில் இணையத்தில் தமிழ் எழுதப் பழகியவர்கள் சொற்பம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் ஆரம்ப நாள்களில் பெரும் பகுதியை ஏறக்குறைய தனியாளாக எழுதியவர் யாழ்ப்பாணத்தவரான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. ஈழத்து நூல்களையும் பழைய இதழ்களையும் ஸ்கேன் செய்து காக்கும் நூலகம் திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பே. 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித்தருகிறது. அதே குழுவினரின் முயற்சியில் நூற்றுக்கணக்கான தமிழ் மின்னூல்கள், பகிரும் உரிமையோடு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளிவந்திருக்கின்றன.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வணிக மென்பொருள்கள் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும். 2006இல் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் ‘என்விடிஏ’ என்ற கட்டற்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இன்னொரு கட்டற்ற மென்பொருளான ‘ஈஸ்பீக்’ அதற்குத் தமிழ்க் குரலைக் கொடுத்தது. கரகரத்த, இயந்திரத்தனமான குரல்தான். ஆனால் பார்வையற்ற ஒரு கல்லூரி மாணவி பிறர் துணையில்லாமல் யூனிகோடு தமிழில் ஒரு பாடத்தைக் கேட்கவும் ஒரு விண்ணப்பத்தை அடிக்கவும் அது போதும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்தக் குரல் ஆங்கில எழுத்துகளாக உளறிக் கொட்டும். எழுத்துருப் பிரச்சினை ஏன் அறம் சார்ந்த பிரச்சினை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

படைப்பு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு தமிழகத்துக்குப் புதிதுமல்ல. பாரதியார் 1921இல் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளின் உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. பாடல்களின் திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. டிகேஎஸ் சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நாடு விடுதலை பெற்ற பிறகும் பாரதி பாட்டைப் பாட அனுமதி வாங்குவதா என்று நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் ஊர் ஊராகக் குரல் எழுப்பினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாகாண அரசு அந்த உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. மெய்யப்பன் தன் உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பிறகு அரசு அதைப் பொதுமக்களுக்கே விட்டது. ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி மக்கள் சொத்தாக்கியது உலகில் அபூர்வம். அந்த மரபு வளர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் இன்று நாட்டுடைமை. விக்கிமூலத்தில் அவற்றைத் தேடிப் படிக்க முடிகிறது.

மென்பொருள் உலகில் இதே கதை 2002இல் நடந்தது. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் செயலியை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் டான் ரூசெண்டாலின் நிறுவனம் மூடப்பட்டது. நிரல் முதலீட்டாளர்களிடம் போய்விட்டது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். உலகம் முழுவதும் பயனர்கள் காசு போட்டார்கள். ஏழே வாரத்தில் தொகை சேர்ந்தது. நிரல் திறந்துவிடப்பட்டது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் வென்றபோது, அது முழுக்கப் பிளெண்டரில் செய்யப்பட்டது என்பதை உலகம் கவனித்தது. பல நூறு கோடி செலவழித்த ஹாலிவுட் படங்களோடு மோதி வென்ற சிறிய குழு அது. அதே பிளெண்டரைத் திருவண்ணாமலைப் பிள்ளை ஒருவர் காசில்லாமல், கிராக் இல்லாமல், சட்டப்படி இன்றே இறக்கிக்கொள்ளலாம்.

பாரதி எழுத்தின் மற்ற உரிமைகளுக்கு அரசு பணம் கொடுத்தது, பிளெண்டருக்குப் பயனர்கள் கொடுத்தார்கள். இரண்டிலும் யாரும் யாரிடமும் பிடுங்கவில்லை. கட்டற்ற மென்பொருளின் உரிமங்களும் பதிப்புரிமைச் சட்டத்தின் மேல்தான் நிற்கின்றன: எழுதியவர் தன் உரிமையைப் பயன்படுத்தி, ‘இன்ன நிபந்தனைக்கு உட்பட்டு எடுத்துக்கொள்’ என்று முன்கூட்டியே சம்மதம் எழுதிக் கொடுக்கிறார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அதையே கதைக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் கொண்டுவந்தன.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்தச் சம்மதம்தான் எல்லா வாதத்துக்கும் நடுப்புள்ளி ஆகிவிட்டது. 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரலை ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் திரும்பக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் அவரே விளக்கினார். 2025 ஆகஸ்டில் நடந்தது வேறு. தனுஷ் நடித்து 2013இல் வந்த ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை, இறந்துபோகும் நாயகன் ஏஐ உதவியால் பிழைத்து எழும் புதிய முடிவோடு ஈராஸ் நிறுவனம் மறுபடி வெளியிட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் கண்டித்தார். படத்தின் உயிரையே பறித்துவிட்டார்கள் என்ற பொருளில் தனுஷ் அறிக்கை விட்டார். உரிமை எங்களிடம் இருக்கிறது என்றது நிறுவனம். உரிமையை விற்ற பிறகும், தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு. இயந்திரம் ஒன்றுதான், ஒருவர் கேட்டுச் செய்தார், மற்றவர் கேட்காமல் செய்தார்.

நம் தன்னார்வலர்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்த தமிழும் இப்போது இந்த இயந்திரங்களுக்குத் தீனியாகிறது. விக்கிப்பீடியாவைப் படித்துப் பழகிய மாதிரிகள் பலவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு வழி இல்லை. தமிழ்நாடு அரசு 2020இலேயே ‘பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’ ஒன்றை வெளியிட்டது. மக்கள் மீது இந்த நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கு முன் அது பாரபட்சம் காட்டுகிறதா, முடிவுக்குக் காரணம் சொல்ல முடிகிறதா என்று மதிப்பெண் போட்டுச் சோதிக்க வேண்டும் என்றது அது. முன்னோடியான யோசனை. உதவித்தொகை மனுவை நிராகரிப்பது மனிதரா மென்பொருளா என்று ஒரு மூதாட்டி கேட்கும் நாள் வந்தால், அந்த மதிப்பெண் தாளைப் பொதுவில் வைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நாளைக்கே விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட வேண்டும் என்பதில்லை. இருக்கிற விண்டோசிலேயே கட்டற்ற அலுவலகச் செயலியான லிப்ரே ஆபீஸை நிறுவிப் பார்க்கலாம். தமிழை யூனிகோடில் மட்டும் அடிக்கலாம். யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கும் ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பு 2024 தொடக்கத்தில் வந்துவிட்டது. லோகித், நோட்டோ, மீரா இனிமை போன்ற திறந்த எழுத்துருக்களை அதில் வைத்து ஒரு சின்ன அழைப்பிதழ் செய்து பார்க்கலாம். பேஜ்மேக்கரில் நூல்களை வைத்திருக்கும் பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும், அதைத் திறக்கும் கணினி ஊரில் ஒன்றாவது இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் அதுவும் தூரத்தில் இல்லை. விழுப்புரத்தில் 2013 முதல் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி கொடுத்துவருகிறது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். பஸ் அடிக்கடி உண்டு.